வேண்டிக்கொண்ட வியாதி

அந்த டிரைவிங் ஸ்கூலில் பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லித் தருகிறவள் அவள் ஒருத்திதான். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் பிரேக் அக்கா. அவள் உட்காரும் சீட்டுக்கு முன்னாலும் ஒரு பிரேக் உண்டு, ஓட்டுகிறவள் தடுமாறினால் அவள் மிதித்துவிடுவாள் என்பது ஒரு காரணம். காலைவிட வாய் முந்திக்கொள்ளும் என்பது இன்னொரு காரணம்.

"கண்ணாடியப் பாருன்னா பின்னாடி வர்ற லாரியப் பாக்கணும்மா. முடி கலைஞ்சிருக்கான்னு பாக்கக் கூடாது."

இப்படி வாங்கிக்கட்டிக்கொண்டவர்களே மறுநாள் சிரித்தபடி வந்து நிற்பார்கள். அக்காவுக்கு வாய்தான் அப்படி, மனசில் ஒன்றும் கிடையாது என்பார்கள். அவளும் தன்னைப்பற்றி அப்படித்தான் நினைத்திருந்தாள்.

கணவர் நேரெதிர். கடைவீதிக் கோடியில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை. ஜன்னலுக்கும் அலமாரிக்கும் அளவெடுத்து, வெட்டி, கொண்டுபோய் மாட்டிவிட்டு வருவார். தெருவில் கண்ணாடிக்காரர் என்றால்தான் தெரியும். வாட்டசாட்டமான ஆள். ஆளுயரக் கண்ணாடியைத் தனியாளாகப் பிடித்துக்கொண்டு மாடி ஏறிவிடுவார். ஆனால் பலமாகப் பேசினால் கையிலிருப்பது உடைந்துவிடும் என்பதுபோல அளந்துதான் பேசுவார். ஒரே மகள், ஒன்பதாவது படிக்கிறாள். சண்டை சச்சரவு இல்லாத வீடு என்று அக்கம்பக்கத்தில் பெயர்.

அந்த வீட்டில் இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு சண்டை நடந்தது. சாப்பிட்டு முடித்த நேரம். மறுநாள் லைசென்ஸ் தேர்வுக்குப் போகவேண்டிய ஒரு பெண் பயந்துபோய் அவளுக்குப் போன் செய்திருந்தாள். அவள் சமையலறை வாசலில் நின்று தைரியம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் தட்டைத் தள்ளிவிட்டுச் சொன்னார்:

"எப்பப் பாரு போனு. வீட்டுக்கு வந்தா வீட்டுக்காரியா இருக்கத் தெரியாதா?"

அப்படிப் பேசுகிற ஆளே இல்லை. ஆனால் அந்தச் சில மாதங்களாகவே பொழுது சாய்ந்தால் எதையாவது பிடித்துக்கொண்டு முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார். ஒருநாள் உப்பு, ஒருநாள் மாற்றாத பல்பு. அவளும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள்தான். அன்றைக்கு வாய் முந்திக்கொண்டது.

"வீட்டுக்காரியா இருக்கணும்னா, வீட்டுக்காரர்னு ஒருத்தர் இருக்கணும்ல. நீங்க பேருக்குத்தான் ஆம்பள."

சொல்லி முடித்த பிறகுதான், கையிலிருந்த போனிலிருந்து "அக்கா, அப்புறம் பேசறேங்க்கா" என்று ஒரு சின்னக் குரல் வந்தது. அவர் காதிலும் அது விழுந்தது. எழுந்துபோய்க் கை கழுவினார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அதற்கு முன்னால் அவர்களுக்குள் எல்லாம் சரியாக இருந்தது என்று சொல்ல முடியாது. சில தடவை அவருக்கு இயலாமல் போயிருந்தது. பகலெல்லாம் பாரம் தூக்குகிற மனுஷன், அசதி என்று அவள் விட்டுவிட்டாள். அந்தச் சண்டைக்குப் பிறகோ அடியோடு நின்றுபோயிற்று. இரண்டொரு முறை அவர் முயன்று பார்த்தார். பாதியிலேயே விலகி, இருட்டில் சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார். சிகரெட் நெருப்பு மட்டும் தெரிந்தது. அப்புறம் அவர் பக்கத்தில் வரவே இல்லை.

தான் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் அவர் உடம்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டது என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்பதென்றால் அந்த வார்த்தையைத் திரும்ப எடுக்கவேண்டும். அதற்கு அவளுக்கு நா எழவில்லை. அதற்குப் பதிலாக வேறென்னவோ செய்தாள். அவருக்குப் பிடித்ததாகச் சமைத்தாள். அவர் சட்டைகளைத் தானே இஸ்திரி போட்டாள். ஆறு மணிக்குமேல் போனை எடுப்பதில்லை. அவர் எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை. கவனித்திருந்தால் இன்னும் கூனிக் குறுகியிருப்பார் என்று பிற்பாடுதான் அவளுக்கு உறைத்தது.

ஒருநாள் துவைக்கப் போட்ட சட்டைப் பையில் ஒரு மாத்திரை அட்டை இருந்தது. இரண்டு மாத்திரை காலி. மருந்துக் கடையில் யாரையோ கேட்டு வாங்கித் யாருக்கும் சொல்லாமல் போட்டுப் பார்த்திருக்கிறார். பலிக்கவில்லை. பலித்திருந்தால் அவளுக்குத் தெரியாமலா போகும்? அந்த அட்டையைப் பிடித்துக்கொண்டு வாளிப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். அன்று சாயங்காலம் அவர் முன்னால் அதை வைத்து, "வாங்க, டாக்டர்கிட்ட போவோம். நானும் வர்றேன்" என்றாள். அவர் மாட்டேன் என்றார். மானம் போகும் என்றார். அவள் விடவில்லை. ஒரு மாதம் அரித்து எடுத்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

டாக்டர் நரைத்த தலை, நிதானமான பேச்சு. சர்க்கரை வியாதி இல்லை, மற்றதிலும் பெரிய கோளாறு இல்லை என்று பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஆம்பளைங்க எல்லாருக்கும் தூங்கும்போது அதுவா எழும்பி அடங்கும். ஒரு ராத்திரியில மூணு நாலு தடவைகூட. அவங்களுக்கே தெரியாது. அதுக்கும் மனசுக்கும் சம்பந்தமில்ல. உங்கள இங்க தூங்க வெச்சு, கருவி மாட்டிப் பாக்கப் போறோம். தூக்கத்துல சரியா இருந்தா உடம்பு நல்லா இருக்குன்னு அர்த்தம், பிரச்சினை மனசுல. தூக்கத்துலயும் இல்லேன்னா உடம்புலதான் எங்கயோ கோளாறு."

கண்ணாடிக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் சொன்னதை அவள் தனக்குத் தெரிந்த விதத்தில் புரிந்துகொண்டாள்: உடம்பு நன்றாக இருந்தால் குற்றவாளி நான். வியாதி இருந்தால் நான் இல்லை.

குறித்த நாள் சாயங்காலம் அவளே ஓட்டிக்கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் விட்டாள். வேறு தலையணையில் அவருக்குத் தூக்கம் வராது. வீட்டுத் தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் முதல்நாள் விடப்பட்ட பிள்ளைபோல நின்றார். அறையில் ஒரு கட்டில், சுவரோரம் ஒரு திரை. தொடையில் கட்டுகிற சின்னப் பெட்டி, அதிலிருந்து வருகிற இரண்டு மெல்லிய வளையங்கள். தலையிலும் மார்பிலும் ஒட்டுகிற ஒயர்கள் வேறு, உண்மையாகவே தூங்குகிறாரா என்று பார்ப்பதற்கு. டெக்னீஷியன் ஒவ்வொன்றாக விளக்கினார்.

"வளையம் அப்பப்ப லேசா இறுக்கும் சார். பயப்படாதீங்க. அளவு எடுக்குது, அவ்வளவுதான்."

"நானும் அளவெடுக்கிற ஆளுதான் தம்பி. அளவு எடுக்கிறது எனக்குப் புதுசில்ல. குடுக்கிறதுதான் புதுசு" என்றார் அவர். டெக்னீஷியன் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். எத்தனையோ மாதம் கழித்து அவர் வாயிலிருந்து வந்த வேடிக்கைப் பேச்சு.

முதல் தடவை அவர் பொட்டுத் தூக்கம் தூங்கவில்லை. அது கணக்கில் சேராது என்றார்கள். இரண்டாம் தடவை தூங்கினார். வீட்டில் அவள்தான் தூங்கவில்லை. மகள் அசந்து தூங்க, இவள் பக்கத்தில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டாள். எந்தச் சாமியிடம் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. அவருக்குத் தூக்கத்திலும் அது எழும்பாமல் இருக்கட்டும். உடம்பில் ஏதாவது கோளாறு இருக்கட்டும். சின்னதாக, மருந்தில் தீர்கிற மாதிரி ஏதாவது. நினைத்துவிட்டு, நினைத்ததற்காகத் தலையில் அடித்துக்கொண்டாள். மறுபடியும் அதையே நினைத்தாள்.

வரைபடத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் இன்னொரு ஸ்கேனும் எடுக்கச் சொன்னார். அதுவும் வந்த பிறகு இருவரையும் உட்காரவைத்தார்.

"நல்லாத் தூங்கியிருக்கீங்க. ஆனா எழுச்சி இல்ல. வந்த ஒண்ணும் பேருக்குத்தான். ஸ்கேன்லயும் ரத்த ஓட்டம் கம்மியாத் தெரியுது. இது மனசு இல்ல."

"அப்பாடா" என்றாள் அவள்.

வாய்விட்டே சொல்லிவிட்டாள். டாக்டர் ஒரு கணம் நிறுத்தி அவளைப் பார்த்தார். கணவரும் பார்த்தார். டாக்டர் தொடர்ந்தார்:

"முழுசும் சொல்லிடறேன்மா. அங்க போற ரத்தக் குழாய் ரொம்பச் சின்னது. இதயத்துக்குப் போறது அதவிடக் கொஞ்சம் பெரிசு. அடைக்க ஆரம்பிச்சா சின்னதுலதான் முதல்ல தெரியும். இவரு வேற சிகரெட் பிடிக்கிறாரு. இதயத்த உடனே பாக்கணும். தள்ளிப்போடாதீங்க."

காரில் வரும்போது அவர் கேட்டார்: "எதுக்கு அப்பாடான்னே?"

"ஒண்ணுமில்லீங்க. மருந்து இருக்கிற வியாதியா இருக்கேன்னு."

வழக்கமாகப் போகிற பாதையில் அவள் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டு, சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

இதய டாக்டர் அவரை டிரெட்மில்லில் நடக்கவிட்டார். பாதியிலேயே நிறுத்திவிட்டார். முக்கியமான குழாய் ஒன்றில் பெரிய அடைப்பு. குழாயை விரித்துப் பிடிக்க ஸ்டென்ட் வைக்கவேண்டும் என்று அன்றைக்கே சேர்த்துக்கொண்டார்கள். தான் வேண்டிக்கொண்டதைத்தான் அவர் நெஞ்சில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. அப்படி இல்லை, அடைப்பு வருடக்கணக்காக வளர்ந்தது என்று அறிவு சொன்னது. அறிவு சொல்வதை யார் கேட்கிறார்கள்?

மறுநாள் மத்தியானம், ஸ்டென்ட் வைக்கக் கூப்பிடுவதற்காகக் காத்திருக்கும்போது, ஆஸ்பத்திரி அங்கியில் இருந்த அவரிடம் அவள் சொன்னாள். உள்ளே போகிறவர் திரும்பி வராவிட்டால் என்ற பயம்தான் அவளைப் பேசவைத்தது.

"அன்னிக்கு நான் ஒண்ணு சொல்லிட்டேங்க. போன்ல அந்தப் பொண்ணு இருக்கும்போது."

"எது?"

"உங்களுக்கு ஞாபகம் இருக்கு."

"இருக்கு" என்றார்.

"அதனாலதான்னு நெனச்சிட்டிருந்தேன். ரெண்டு வருஷமா."

அவர் அங்கியின் நாடாவைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"அதுக்கு முன்னாடி ஒரு வருஷமாவே சரியா இல்ல. உனக்கு அசதின்னு தோணுச்சு. எனக்குத் தெரியும் அசதி இல்லேன்னு. பொழுது சாஞ்சாலே பயம். சண்டை போட்டுட்டா நீ அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவே. அதான் உப்பு இல்ல, பல்பு இல்லேன்னு எதையாவது பிடிச்சுக்குவேன். அன்னிக்கும் நான்தான் வேணும்னே ஆரம்பிச்சேன். நீ சொன்னது வலிச்சுது, இல்லேன்னு சொல்லல. ஆனா வியாதி அதனால வரல."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. இவ்வளவு தூரம் சொன்ன பிறகு மீதியை மறைப்பது துரோகம் என்று பட்டது.

"அன்னிக்கு அப்பாடான்னு சொன்னது மருந்துக்காக இல்லீங்க. உங்களுக்கு வியாதியா இருக்கணும்னு வேண்டிக்கிட்டேன். என்மேல பழி வரக்கூடாதுன்னு. டாக்டர் சொன்னதும் சந்தோஷப்பட்டுட்டேன்."

அவர் கை அவள் கைக்குள்தான் இருந்தது. ஆனால் அதில் பிடி தளர்ந்தது அவளுக்குத் தெரிந்தது.

"இத நீ சொல்லாம இருந்திருக்கலாம்" என்றார்.

நர்ஸ் வந்து சக்கர நாற்காலியில் கூட்டிக்கொண்டு போனாள். கதவு மூடும்வரை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

நல்லபடியாக முடிந்தது. சிகரெட் அன்றோடு போயிற்று. பெரிய கண்ணாடி தூக்கக் கூடாது என்றதால் கடையில் அவரை வெட்டும் மேஜையோடு வைத்துக்கொண்டார்கள். சில மாதம் கழித்து, இதய டாக்டரும் சம்மதித்த பிறகு, பழைய டாக்டர் அதற்கென்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். சில நாள் கைகொடுத்தது, சில நாள் இல்லை. இல்லாத நாளில் அவர் பால்கனிக்குப் போவதில்லை, அப்படியே படுத்துக்கொண்டு கடைக் கதை எதையாவது சொல்வார். அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். அந்த மத்தியானம் பேசியதைப் பற்றி மட்டும் இருவரும் வாய் திறக்கவில்லை.

சொந்தக்காரர்களிடம் குறட்டைக்காகச் சோதனை செய்யப்போன இடத்தில் தெரிந்தது என்று சொல்லியிருந்தார்கள். அவருடைய அக்கா ஊரிலிருந்து பார்க்க வந்தார். வந்ததும் வராததுமாகத் தம்பி மனைவியின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"நீ பிடிச்ச பிடியா கூட்டிட்டுப் போகலேன்னா என் தம்பி இன்னிக்கு இல்லம்மா. எந்தப் பொண்டாட்டி இப்படிப் பாத்துக்குவா?"

அவளுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. சோபாவில் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவரைப் பார்த்தாள்.

"ஆமாக்கா" என்றார் அவர். "இவ இல்லேன்னா நான் டாக்டர்கிட்ட போயிருக்கவே மாட்டேன்."

மனசாரச் சொன்னாரா, அக்காவுக்கு முன்னால் அவளைக் காப்பாற்றச் சொன்னாரா என்று அவர் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. "இருங்க அண்ணி, டீ போட்டுக் கொண்டாறேன்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டு, அது கொதித்து வற்றும்வரை குழாயடியில் நின்று, ஏற்கெனவே கழுவி வைத்திருந்த டம்ளர்களை மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தாள்.