யாரும் சிரிக்காத வரி

சட்டமன்ற உறுப்பினர்களுக்குக் குறிப்பு எழுதுவது என் வேலை. சுகாதாரத்திலோ உதவித்தொகையிலோ அரசு எதையாவது மாற்ற நினைத்தால், அதனால் யாருக்கு லாபம், யாருக்கு நட்டம் என்று சில பக்கங்களில் சொல்லிவிட வேண்டும். ஆளுங்கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் ஒரே குறிப்பு, ஒரே நாளில் போகும். "இப்படிச் செய்யுங்கள்" என்று மட்டும் எழுதக் கூடாது. திருச்சி கண்டோன்மெண்டில் ஒரு மாடியில் எங்கள் அலுவலகம்; அரசைச் சேர்ந்தது இல்லை. நான் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் போய்வருகிறேன். இந்த வேலையை வீட்டு ஓனருக்கு ஒருமுறை பொறுமையாக விளக்கினேன். "அப்ப கவர்மெண்ட் உத்தியோகம்தானேம்மா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. குறிப்பை அனுப்புவதற்கு முன் கூட வேலை பார்ப்பவர்கள் இரண்டு பேர் எதிரில் உட்கார, எழுதியவர் வாய்விட்டுப் படிக்க வேண்டும். கேட்பவர்களில் ஒருவர் ஆளுங்கட்சி வேஷம், இன்னொருவர் எதிர்க்கட்சி வேஷம். யாராவது ஒருவர் முகத்தில் சிரிப்பு வந்தால் அந்த வரி காலி. ஒரு தரப்பு சிரித்தால் அந்தத் தரப்புக்கு நாம் ஆயுதம் கொடுத்துவிட்டோம் என்று அர்த்தம். டீ வரும் நேரத்தில் படிப்பதில்லை. சிரித்தது வரியைக் கேட்டா வடையைப் பார்த்தா என்று தகராறு வந்திருக்கிறது.

போன வருஷம் ஒரு யோசனை வந்தது. நகரத்துச் சின்ன அரசு மருத்துவமனைகளில் மாலை நேரத்தை நிறுத்திவிட்டு, அந்த டாக்டர்களைக் காலை நேரத்துக்கு மாற்றுவது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. காலையில் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும். மாலையில் வருபவர்கள் குறைவு, நிறுத்தினால் அரசுக்குச் செலவும் மிச்சம். அந்தக் குறைவானவர்களில் என் அக்காவும் ஒருத்தி. அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறாள். வேலை விட்டு வரும் வழியில் சர்க்கரைக்கு மாத்திரை வாங்கிக்கொள்வாள். காலையில் போனால் அரை நாள் கூலி போய்விடும்.

நர்ஸ் சொல்லிக் கேள்விப்பட்டு போன் செய்தாள்.

"சாயந்தரம் மூடிருவாங்களாமேடி, நிஜமா?"

"இன்னும் முடிவாகலக்கா."

"நீதானே எழுதுறே?"

"நான் எழுதறது கணக்கு மட்டும்தான். முடிவு பண்றது அவங்க."

"எங்களுக்காக ஒரு வரி சேர்த்துடேன்."

அப்படியெல்லாம் சேர்க்க முடியாது என்றேன். போனை வைத்துவிட்டாள்.

அலுவலகத்தில் இதைச் சொல்லி, குறிப்பை வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று கேட்டேன். "எல்லாருக்கும் எங்கேயாவது ஒரு அக்கா இருப்பாங்கம்மா. நீங்களே எழுதுங்க" என்று எங்கள் தலைவர் சொல்லிவிட்டார். உண்மையில் அந்த வரி அக்காவுக்காக இல்லாவிட்டாலும் வேண்டியிருந்தது. அது இல்லாவிட்டால் கணக்கே ஒருபக்கமாகிவிடும். "மிச்சமாவது அரசின் செலவு மட்டுமே, வேலையை விட்டுக் காலையில் வருபவர்கள் இழக்கும் கூலி இதில் சேரவில்லை" என்று எழுதிப் படித்தேன். எதிர்க்கட்சியாக உட்கார்ந்திருந்த தோழி சிரித்துவிட்டாள்.

மாற்றி எழுதினேன். கூலியை எடுத்தேன்; மறுபடியும் சிரித்தாள். இழப்பையும் எடுத்தேன். கடைசியில் இப்படி நின்றது: "பயனாளிகள் தரப்பில் ஏற்படக்கூடிய நேரச் செலவின் மாற்றம் இம்மதிப்பீட்டின் எல்லைக்குள் சேர்க்கப்படவில்லை." யாரும் சிரிக்கவில்லை. ஆளுங்கட்சி கொட்டாவி விட்டது. குறிப்பு போய்ச் சேர்ந்தது.

அவையில் இரண்டு தரப்பும் எங்கள் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசின. ஒருவர் காலை வரிசையைச் சொன்னார், இன்னொருவர் டாக்டர் பற்றாக்குறையைச் சொன்னார். அந்த வரியை யாரும் தொடவில்லை. மாலை நேரம் நின்றுபோனது. எந்தப் பக்கமும் சாயாத குறிப்பு என்று எங்களுக்கு இரு தரப்பிலிருந்தும் பாராட்டு வந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா பெருமாளைச் சேவிக்க வந்தவள் வீட்டுக்கும் வந்தாள். காபி குடித்துக்கொண்டே, நீ எழுதினதைக் காட்டு என்றாள். கொடுத்தேன். நிதானமாக எல்லாப் பக்கத்தையும் புரட்டினாள்.

"இதுல நாங்க எங்கடி இருக்கோம்?"

அந்த வரியைக் காட்டினேன். இரண்டு தரம் படித்தாள்.

"இதுவா நாங்க?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். கோபச் சிரிப்பு இல்லை; காபி சிந்துகிற அளவுக்கு நிஜமாகவே சிரித்தாள். அந்த வரியைக் கேட்டோ படித்தோ சிரித்தது அவள் ஒருத்திதான்.

அவள் கிளம்பும்போது, மாத்திரையெல்லாம் ஒழுங்காக வாங்குகிறாயா என்று கேட்டேன்.

"லீவு கிடைக்கிற மாசம் வாங்குறேன்" என்றாள்.