எசனில் உள்ளே அழைத்த வீடு

நிருபமா டேனியல் எசன் நகரத்துக்கு வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. கோயம்புத்தூர்க்காரி, வயது இருபது. மோர்மன் சபை ஊழியத்துக்காக ஒன்றரை வருடம் ஜெர்மனியில் இருக்க வேண்டும். காலை ஆறரைக்கு எழுந்து ஜெபித்து, வேதம் படித்து, மார்பில் கறுப்புப் பெயர்ப்பட்டை குத்திக்கொண்டு, சபையைப் பற்றி வீடு வீடாகச் சொல்ல, அமெரிக்காவிலிருந்து வந்த நடாலியோடு தெருவில் இறங்குவாள். ஒருத்தியை விட்டு இன்னொருத்தி தனியே போகக் கூடாது என்பது விதி. அம்மாவோடு பேச வாரத்தில் ஒரு நாள். இதற்கெல்லாம் பழகிவிட்டாள். பழகாதது கதவுகள்தான். எசன்காரர்கள் மரியாதையாக "வேண்டாம், நன்றி" என்பார்கள். அதைவிட மரியாதையாகக் கதவைச் சாத்துவார்கள். ஒருவர் சாத்திய கதவை மறுபடி திறந்து, மழை வரும்போல இருக்கிறது, குடை இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுத் திரும்பவும் சாத்தினார்.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் மணியடித்தார்கள். ஐம்பது வயதுப் பெண்மணி ஒருத்தி கதவை அகலத் திறந்தாள். பெயர்ப்பட்டைகளைப் பார்த்ததும், ஒருவழியாக வந்து சேர்ந்தீர்களா என்று ஜெர்மன் மொழியில் கேட்டபடியே இருவரையும் நேரே குளியலறைக்குக் கூட்டிப்போனாள். சுவர் மூலை முழுக்கக் கறுப்பாகப் பூஞ்சணம். பிறகு உள்ளறையில் இருந்த கணவர் பக்கம் திரும்பி, "இஞ்சேருங்கோ, வீட்டு நிர்வாகத்தாலை ஆக்கள் வந்திருக்கினம். டோர்ச்சைக் கொண்டு வாங்கோ" என்றாள்.

தமிழ். நிருபமாவுக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. அந்த நிமிடமே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் வெளியே போகச் சொல்லிவிடுவார்களே. அவள் சுவரை உற்றுப் பார்த்துத் தலையாட்டினாள். நடாலி இரண்டு தடவை வாயைத் திறந்து, பேச இடம் கிடைக்காமல், மரியாதைக்காக நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்ளத் தொடங்கினாள்.

கணவர் கொண்டுவந்த டோர்ச்சை அடித்து மூலை மூலையாகக் காட்டி, கால் மணி நேரம் கழித்துப் பெண்மணி கேட்டாள், எப்போது சரிசெய்வீர்கள் என்று. இனித் தப்ப முடியாது.

"ஆன்ட்டி, நாங்க அந்த ஆஃபீஸ்லேருந்து வரலைங்க. சர்ச்சுலேருந்து வர்றோம்" என்றாள் நிருபமா தமிழில்.

ஜெயமலர், அதுதான் அவள் பெயர், டோர்ச்சை மெதுவாக இறக்கினாள். "நீர் தமிழ்ப் பிள்ளையோ? பிறகு ஏன் இவ்வளவு நேரமும் வாய் திறக்காமல் நிண்டனீர்?"

"நாலு மாசத்துல வீட்டுக்குள்ள கூப்பிட்டது நீங்க ஒருத்தர்தான். போக மனசு வரலைங்க."

ஜெயமலர் சிரித்தாள். பேருந்து ஓட்டுநரான கணவர் இராசலிங்கம் அவளைவிடச் சத்தமாகச் சிரித்தார்.

"சரி, இருங்கோ. தேத்தண்ணி போடுறன்."

"டீ குடிக்கிறதில்லைங்க. எங்க சபை விதி."

"கோப்பி?"

"அதுவும் இல்லைங்க."

"வைனோ?" என்றார் இராசலிங்கம் நம்பிக்கையோடு.

கடைசியில் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார்கள். விதியில் கொத்தமல்லியைப் பற்றி ஒன்றும் இல்லை என்று மனத்துக்குள் இருமுறை சரிபார்த்துக்கொண்டு நிருபமா குடித்தாள். நடாலி இரண்டு கோப்பை குடித்துவிட்டு, குறிப்புகள்தான் இருக்கின்றனவே, வீட்டு நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதட்டுமா என்று கேட்டாள். மூன்று வருடம் பள்ளியில் படித்த ஜெர்மன் அவளுடையது. ஜெர்மன் பேச வந்தாலும் எழுத வராத ஜெயமலர் தமிழில் சொல்லச் சொல்ல, நிருபமா ஆங்கிலத்தில் சொன்னாள். ஜெயமலரின் வசவுகள் நடாலியின் கையில் பணிவான வாக்கியங்களாயின.

இரண்டு வாரத்தில் ஆட்கள் வந்து சுவரைச் சுரண்டிப் புதுப் பூச்சுப் பூசிவிட்டுப் போனார்கள். அந்த ஞாயிறு ஜெயமலர் வடைச் சட்டியோடு சபைக்கு வந்தாள். முன் வரிசையில் உட்கார்ந்து, தெரியாத பாட்டையும் கூடவே பாடினாள். வாசலில் நிருபமா ஆவலோடு, "பிடிச்சிருந்துதுங்களா?" என்று கேட்டாள்.

"வடிவாப் பாடுறியள். ஆனா எனக்கு முருகன் காணும், பிள்ளை, வேறை ஒருத்தரும் தேவையில்லை. நீங்கள் ரெண்டு பேரும் புதன்கிழமை மத்தியானம் சோத்துக்கு வாங்கோ. மாட்டன் எண்டு சொல்ல ஏலாது."

நிருபமாவுக்கு முகம் கொஞ்சம் வாடத்தான் செய்தது. இருந்தாலும் புதன்கிழமை போனாள். நண்டுக் கறி. நடாலி ஓட்டோடு போராடிக்கொண்டிருக்க, கடிதம் எழுதிய கதையைக் கேள்விப்பட்ட கீழ் வீட்டுச் சுலோஜனா உள்ளே வந்து, கையில் நிரப்பாத ஒரு ஜெர்மன் விண்ணப்பப் படிவத்தோடு சோபாவில் உட்கார்ந்தாள்.

"ஆறுதலாச் சாப்பிடுங்கோ பிள்ளையள், அவசரமில்லை," என்றாள், "நான் இருக்கிறன்."