காதர் கை வைக்காத படம்

எங்கள் சங்கத்துச் சுவரில் பெரிதாக மாட்டப் போவது நண்பன் காதர் எடுத்த படம். என்னுடையது அல்ல. பொறாமையில்தான் எழுதுகிறேன்.

செம்பூரில் நடந்த பெண்கள் கயிறு இழுக்கும் போட்டியை இருவரும் எடுத்தோம். ஓர் அணி மொத்தமாகச் சரிந்து விழுந்த நொடி என்னிடம்தான் இருந்தது. அதை ஒரு வாரம் ஓரம் வெட்டினேன், வெளிச்சம் கூட்டினேன், நிறம் மாற்றினேன். ஒவ்வொரு முறையும் பழைய படத்தின் மேலேயே சேமித்தேன்.

இன்று கிங்ஸ் சர்க்கிள் பிரிண்ட் கடையில் பெரிதாக்கினால், முகமெல்லாம் சின்னச் சின்னக் கட்டங்கள். காதர் படத்தில் வளையல்கூடத் தெளிவு.

"நீயும்தான் தினம் தொறந்து பாத்தே. உன்னுது மட்டும் ஏன் கெடல?" என்று காதரிடம் கேட்டேன்.

"பாத்தா ஒண்ணும் ஆகாதுடே. நீ திருத்தித் திருத்தி சேவ் பண்ணேல்லா, ஒவ்வொரு வாட்டியும் கொஞ்சம் தேஞ்சு போச்சு. ஒரிஜினலையாவது தனியா வச்சிருக்கணும்லா?"

அவன் வாங்கிக் கொடுத்த டீயை வைத்துவிட்டு அவன் படத்தை மறுபடி பார்த்தேன்.

அந்தப் படத்தின் ஓரத்தில் ஒருவர் குனிந்து படமெடுக்கிறார். நான்தான். என் வழுக்கை அத்தனை துல்லியம்.

"இதையாவது வெட்டுடா" என்றேன்.

"கை வச்சா கெட்டுப்போகும்டே" என்று சிரிக்கிறான்.

சங்கத்துக்குப் போகிறவர்கள் வளையலை மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள்.