மன்னிப்புக் கேட்ட கோல்

வீட்டைப் பிரித்துப் பெட்டியில் அடைப்பதில் ரொசாவுராவுக்குக் கை தேர்ந்திருந்தது. வாழைப்பழம் வரும் அட்டைப்பெட்டிகள்தான் அவளுக்குத் தோது. அடியில் கனமான பாத்திரம், நடுவில் துண்டில் சுற்றிய கண்ணாடி டம்ளர், மேலே துணி. கால்பந்து ஆட்டக்காரனைக் கட்டிக்கொள்கிறாள், கடலைப் பார்த்த வீடும் தோட்டமுமாக வாழப்போகிறாள் என்று கல்யாணத்தன்று தோழிகள் சொன்னார்கள். வாய்த்ததென்னவோ யாரோ உட்கார்ந்து குழிந்த சோபாவும், முன்னால் குடியிருந்தவர்கள் சுவரில் விட்டுப்போன ஆணிகளும்தான்.

அவள் கணவன் ஃப்ரொய்லான் முன்வரிசையில் ஆடுகிறவன். கோல் அடிப்பது அவன் தொழில். ஸ்பெயினின் லெயோன் மலைப்பக்கத்துச் சுரங்க ஊரான வல்முரியெலிலிருந்து மீசை முளைப்பதற்குள் ஒரு பெரிய கிளப் அவனைக் கூட்டிப்போனது. நாட்டின் உச்ச லீக்கான முதல் பிரிவில் சில ஆட்டங்கள் ஆடினான். அதில் ஒன்றில் பந்தை வலைக்குள் போட்டுவிட்டு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடினான். திரும்பிப் பார்த்தால் லைன்ஸ்மேன் ஆஃப்சைடு என்று கொடியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார், கோல் செல்லாது. ஒரு வாய் தண்ணீர் குடிக்கிற நேரம்தான் அந்தச் சந்தோஷம் இருந்தது. ஆனாலும் கை விரித்து ஓடும் அந்தப் போட்டோவை வல்முரியெல் பாரில் சட்டம் போட்டு மாட்டினார்கள். கொடியைப் பற்றி ஊரில் யாரும் வாய் திறப்பதில்லை.

அதற்குப் பிறகு மூன்றாம் பிரிவு, இரண்டாம் பிரிவு, மறுபடி மூன்றாம் பிரிவு. தெற்கே வெயிலில் ஒரு வருஷம், வடக்கே மழையில் ஒரு வருஷம். முழங்காலை இரண்டு தடவை அறுத்துத் தைத்தார்கள். எந்த ஊரிலும் அவன் கோல் அடிக்காமல் இருந்ததில்லை. கட்டாயம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றுகிற அளவுக்கு அடித்ததுமில்லை. ஜூன் மாதம் வந்தால், அடுத்த கிளப் எது கூப்பிடுமோ என்று போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள்.

இத்தனை ஊர் மாறியதில் அவனுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. உப்பைத் தின்ற அணிக்கு எதிராகக் கோல் அடித்தால் கொண்டாடக் கூடாது. இரண்டு உள்ளங்கையையும் மார்புக்கு நேரே உயர்த்தி, மன்னித்துக்கொள்ளுங்கள் என்பதுபோலக் கூட்டத்தைப் பார்க்க வேண்டும். அதுதான் மரியாதை, ஸ்பெயினில் எல்லா ஆட்டக்காரர்களும் செய்வது. ஆனால் ஃப்ரொய்லான் போகிற மைதானமெல்லாம் பழைய மைதானமாகவே இருந்தது.

"உனக்கு மட்டும் எங்க போனாலும் மாமியார் வீடுதான்டா," என்று கூட ஆடுகிறவர்கள் கேலி செய்வார்கள். "கோல் அடிச்சா சந்தோஷப்படு. திருடன் துப்பாக்கி நீட்டின மாதிரி நிக்கற."

முப்பத்து மூன்று வயதில் அவன் துறைமுக ஊர் ஒன்றில், சான் தெல்மோ அணியில் இருந்தான். அந்தக் கிறிஸ்துமஸுக்கு வல்முரியெல் போயிருந்தபோது, அந்த ஊர் அணியின் தலைவர் செகுந்தினோ அவனை பாருக்கு அழைத்தார். அவனுடைய போட்டோவுக்குக் கீழேயே உட்கார்ந்து ஆளுக்கொரு சின்னக் கண்ணாடி டம்ளரில் சாராயம் ஊற்றினார். "போதும்டா ஊர் சுத்தினது. அடுத்த சீசன் இங்க வந்துடு. ரெண்டு வருஷம் ஆடு. அப்புறம் பொடிசுகளுக்குச் சொல்லிக்குடு." கை குலுக்கினார்கள். காகிதம் கேட்க அவனுக்கும் தோன்றவில்லை, நீட்ட அவருக்கும் தோன்றவில்லை. அணி பிரிவிலிருந்து இறங்காமல் இருக்க வேண்டும் என்பது மட்டும் இருவருக்கும் சொல்லாமலே தெரியும். பாதிச் சுரங்கம் ஏற்கெனவே மூடிக் கிடந்தது. அணி கீழே இறங்கினால் அதற்குப் பணம் கொடுக்கும் சுரங்க முதலாளிகள் கைகழுவிவிடுவார்கள்; கிளப்பை இழுத்து மூட வேண்டியதுதான்.

ரொசாவுராவின் மாமியார் விஸி, அவர்கள் வந்து இருப்பதற்காக மறுவாரமே தன் வீட்டு மாடி அறைகளுக்கு வெள்ளையடித்தாள். மாமனார் எவுத்திமியோ சுரங்கத்தில் நுரையீரல் நிறைய தூசியை வாங்கிக்கொண்டு சீக்கிரமே ஓய்வு பெற்றவர். அணியின் சட்டைகளைத் துவைத்து, பூட்ஸ்களுக்கு எண்ணெய் போட்டு, மைதானத்து அறையிலேயே பொழுதைக் கழித்தார். ஊரில் அவர் பெயரே 'சோப்பு'. "என் பையன் சட்டையை நான் இதுவரைக்கும் துவைச்சதில்ல. இனிமே துவைப்பேன்," என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மகள் அல்தாராவுக்கு ஒன்பது வயது. அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அதுதான் கடைசிப் பள்ளிக்கூடமா?"

"அதுதான்," என்றாள் ரொசாவுரா. முதல்தடவையாகப் பெட்டி கட்டுவது அவளுக்குச் சுமையாக இல்லை.

சீசனின் கடைசி ஞாயிறு. சான் தெல்மோ ஆட வேண்டிய ஆட்டம் வல்முரியெலில், அந்த ஊர் அணியோடு. சான் தெல்மோ ஏறவும் போவதில்லை, இறங்கவும் போவதில்லை. வல்முரியெலுக்கோ டிரா செய்தால் பிழைப்பு, தோற்றால் முடிந்தது.

வியாழக்கிழமை சமையலறையில் ஃப்ரொய்லான் சுவரில் சாய்ந்து நின்றான். ரொசாவுரா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"முட்டி வலிக்குதுன்னு சொல்லிடேன்," என்றாள்.

"சொன்னேன். லெஸ்மெஸ் சிரிச்சான்." லெஸ்மெஸ் அணியின் பயிற்சியாளர். "உன் முட்டி உன் கல்யாணத்துல இருந்தே வலிக்குது, இந்த ஞாயித்துக்கெழம மட்டும் என்ன புதுசா வலின்னு கேட்டான்."

"அப்ப உள்ளதச் சொல்லு."

"அதையும் சொன்னேன். 'நீ வரலேன்னா நாம ஆட்டத்த விட்டுக் குடுத்துட்டோம்னு ஊர் பேசும். வந்து பெஞ்சுல உக்காரு, நான் எறக்க மாட்டேன்'னு சொல்லிட்டான்."

"அப்புறம் என்ன? உக்காந்துட்டு வா. உங்கம்மா கொண்டைக்கடலை வேக வைக்கறாங்களாம். சாப்ட்டுட்டு வரலாம்."

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு வெங்காயம் மேசையிலிருந்து உருண்டு விழுந்தது. ஃப்ரொய்லான் பார்க்கக்கூட இல்லை. பாதம் தானாக நீண்டு, வெங்காயத்தைத் தரையில் படாமல் வாங்கி, மெல்ல இறக்கி வைத்தது. அவன் கையால் பிடித்துக் காப்பாற்றிய பாத்திரம் அந்த வீட்டில் ஒன்றுகூட இல்லை. காலால் காப்பாற்றியவை நிறைய.

வல்முரியெல் மைதானம் ஆற்றோரம் இருந்தது. ஒரு கோல் கம்பத்துக்குப் பின்னால் கரிக்கழிவுக் குன்று. ரொசாவுரா மகளோடும் மாமியாரோடும் ஊர்க்காரர்களுக்கு நடுவில் உட்கார்ந்தாள். எல்லோர் காலடியிலும் சூரியகாந்தி விதைத் தொலி. வேறு ஊர்களில் நடக்கும் ஆட்டங்களைக் கேட்க ஆண்கள் காதில் ரேடியோவை வைத்திருந்தார்கள். பக்கத்தில் இருந்த பெண் விதைப் பையை நீட்டினாள்.

"எடுத்துக்கம்மா. மாடி ரெடியாயிடுச்சாமே? விஸி சொன்னா. எங்க வீட்டுக்கு எதுத்தாப்புலதான்."

"ஆமாக்கா. ஜூலைல வந்துடுவோம்."

இடைவேளை வரை இரண்டு பக்கமும் கோல் இல்லை. அது முடிந்து கொஞ்ச நேரத்தில் சான் தெல்மோவின் இளம் ஃபார்வர்டு கணுக்காலைப் பிடித்துக்கொண்டு புல்லில் விழுந்தான். மாற்றிவிட இன்னொரு ஃபார்வர்டுதான் இருந்தான். ஃப்ரொய்லான் எழுந்து சட்டையை உள்ளே செருகியபோது ஊரே கைதட்டியது.

"நம்ம சோப்பு மகன்தான்யா. ஒண்ணும் பண்ணமாட்டான்," என்றார் பின்வரிசைக்காரர்.

அவன் ஒன்றும் பண்ணவில்லை. பந்து இடது பக்கம் வந்தால் வலது பக்கம் ஓடினான். தடுப்பாட்டக்காரர்களின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். மற்றவர்களுக்கு அது ஓட்டமாகத் தெரிந்திருக்கும். ரொசாவுராவுக்கு அவன் ஒளிந்துகொண்டிருக்கிறான் என்று தெரிந்தது. முடிகிற நேரம் நெருங்கியது. மாமியார் ஜெபமாலையைப் பையில் திரும்ப வைத்தாள்.

அப்போது சான் தெல்மோ பக்கத்திலிருந்து சும்மா உயரத் தூக்கி அடித்த ஒரு பந்து வந்தது. ஆபத்தே இல்லாத பந்து. வல்முரியெல் கோல்கீப்பர் இரண்டு கையாலும் பிடித்தார், பிடித்ததை நழுவவிட்டார். பந்து ஒரு தடவை குதித்து ஃப்ரொய்லானுக்கு முன்னால் விழுந்தது. அவன் முகம் அப்போது கோலைப் பார்த்துக்கூட இல்லை.

ரொசாவுரா கண்ணை மூடிக்கொண்டாள். வெங்காயம் உருண்டது அவளுக்கு ஞாபகம் வந்தது.

திறந்தபோது வலை ஆடிக்கொண்டிருந்தது. ஃப்ரொய்லான் கரிக்கழிவுக் குன்றுக்கு முன்னால், இரண்டு உள்ளங்கையையும் உயர்த்தியபடி ஊரைப் பார்த்து நின்றான்.

மைதானம் முழுக்க ஒரு சத்தமும் இல்லை. ரேடியோக்கள் மட்டும் பேசிக்கொண்டிருந்தன. அந்த அமைதியில் அல்தாரா கைதட்டினாள். அப்பா கோல் அடித்தால் தட்ட வேண்டும் என்றுதான் அவளுக்குப் பழக்கம். ரொசாவுரா அவள் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துத் தன் மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"மன்னிப்பப் பாரு, பையிலயே எடுத்துட்டு வந்திருக்கான்," என்றார் பின்வரிசைக்காரர், கத்தாமல்.

ஆட்டம் முடிந்ததாக நடுவர் விசில் அடித்தார். விதை கொடுத்த பெண் தான் உட்கார்ந்திருந்த சின்ன மெத்தையை மடித்துக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு, ரொசாவுராவைப் பார்க்காமல் படி இறங்கினாள்.

"எழுந்திரு ரொசா," என்றாள் மாமியார். "அடுப்புல கடலை இருக்கு. அடி பிடிச்சிடும்."

ஃப்ரொய்லான் அணியோடு பஸ்ஸில் போகாமல், கொல்லைச் சந்து வழியாக வீட்டுக்கு வந்தான். கொண்டைக்கடலையும் இறைச்சியும் மேசையில் ஆவி விட்டுக்கொண்டிருந்தன. யாரும் கரண்டியைத் தொடவில்லை. எவுத்திமியோ வெளிச்சம் மங்குகிற சமயம் வந்தார். கையெல்லாம் சோப்பு மணம். இருமி முடித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"துவைச்சுக் காயப் போட்டுட்டேன்."

"இனிமே யாரு போடப்போறா அத?" என்றாள் விஸி.

"அதுக்காக அழுக்காவா வெச்சிருக்க முடியும்? ஊத்து."

நாலு வாய் சாப்பிட்டார். ஃப்ரொய்லான் தட்டைப் பார்த்தபடி ஆரம்பித்தான். "அப்பா, நான் வேணும்னு அடிக்கல. கால் தானா..."

"கோலப் பத்தி உன்ன யாராவது கேட்டாங்களா? காலுக்கு முன்னால விழுந்த பந்த அடிக்காதவன் என்னடா ஃபார்வர்டு? வெளிய அடிச்சிருந்தா நானே உன்ன இந்த மேசைல உக்கார விட்டிருக்க மாட்டேன்."

"அப்புறம் என்ன?"

"கைய எதுக்குத் தூக்கின?"

"மரியாதைக்குப்பா. எல்லா ஊர்லயும் அப்படித்தான் செய்வேன்."

"அதெல்லாம் நீ சம்பளம் வாங்கின ஊரு. பழைய மொதலாளிக்கு ஒரு சலாம் வெக்கற, சரி. இங்க நீ எப்படா சம்பளம் வாங்கின? இது நீ பொறந்த ஊரு." ரொட்டியைப் பிய்த்தார். "நீ பாட்டுக்குக் கத்திட்டு ஓடியிருக்கணும். சட்டையக் கழட்டிச் சுத்தியிருந்தாலும் சரி. 'கோலப் பாத்தா அவனுக்குப் பெத்தவ முகங்கூட மறந்துபோகும், கிறுக்கன்'னு திட்டிட்டு, ரெண்டு வருஷத்துல விட்டிருப்பாங்க. நீ கையத் தூக்கினியே, அப்ப உனக்கு நாங்கல்லாம் ஞாபகத்துல இருந்திருக்கோம். ஞாபகத்தோட அடிச்சவன்னு ஆயிடுச்சு. பார்ல அதத்தான் பேசறாங்க."

ஃப்ரொய்லான் தட்டைச் சற்று ஒதுக்கினான். "எனக்கு வேற என்ன செய்யறதுன்னு தெரியலப்பா," என்றான்.

"தெரியும். சாப்பிடு, ஆறுது."

ஜூன் வந்தது. போன் மணி அடிக்கவில்லை. தலைவர் செகுந்தினோ ஒரு தடவை எதிரில் வந்தபோது தொப்பியைத் தொட்டுவிட்டு அடுத்த பக்கம் போனார். வல்முரியெல் அணியைக் கலைத்தார்கள். பாரில் போட்டோவை இறக்கிவிட்டார்கள் என்று விஸி சொன்னாள். ஆணி மட்டும் இருக்கிறதாம். மாடிக்குப் போவதைப் பற்றி ஒருவரும் பேச்செடுக்கவில்லை. எதிர்வீட்டில் விதைக்காரி இருந்தாள். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அல்தாரா யார் மகள் என்று எல்லோருக்கும் தெரியும். லெயோன் நகரத்தில் ஒரு கிடங்கில் ஃப்ரொய்லானுக்கு லாரியில் சரக்கு ஏற்றும் வேலை கிடைத்தது. நகரத்தில் யாருக்கும் அவனைத் தெரியாது. அதற்காகவே அங்கே ஒரு வீட்டைப் பிடித்தார்கள்.

"இதுவா கடைசி?" என்று அல்தாரா கேட்கவில்லை. பெட்டியில் தன் பொருள்களைத் தானே அடுக்கினாள், கனமானது அடியில்.

ஆகஸ்டில் மைதானத்து அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். சலவை மெஷின் எவுத்திமியோ தன் கையிலிருந்து போட்டு வாங்கியது. அதைத் தூக்க ஊரில் இருவரைக் கேட்டார். இருவருக்கும் அன்றைக்கு முதுகு வலி. ஃப்ரொய்லானும் ரொசாவுராவும் லெயோனிலிருந்து வந்தார்கள். கிழவரின் நெஞ்சு கனம் தூக்க விடாது. அதனால் ஒரு முனையை அவனும் மறுமுனையை அவளும் பிடித்தார்கள். அவர் தண்ணீர்க் குழாயைத் தோளில் சுற்றிக்கொண்டு, சோப்புத்தூள் வாளியோடு பக்கத்தில் நடந்தார். கொல்லைச் சந்து மெஷினுக்குப் போதாது. பெரிய தெருவழியாகத்தான் போக வேண்டும்.

பாருக்கு வெளியே நாலைந்து பேர் மேசை போட்டு சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். சரியாக அவர்கள் எதிரில் ஃப்ரொய்லானின் முழங்கால் விட்டுக்கொடுத்தது. மெஷினைத் தரையில் வைத்தார்கள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு முட்டியைத் தேய்த்தான். சீட்டு நின்றது. ஒருவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார், எழுந்திருக்கவில்லை.

ஃப்ரொய்லான் அவர்கள் பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு குனிந்து விளிம்பைப் பிடித்தான். இந்தப் பக்கம் ரொசாவுராவும் பிடித்தாள். தூக்கினார்கள்.

"டேய்," என்றார் எவுத்திமியோ, சீட்டாடுகிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி. "இப்ப மட்டும் கையத் தூக்கிடாத. மெஷின் என் காசு."

ரொசாவுராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் பிடி நழுவப் பார்த்தது. ஃப்ரொய்லான் சிரிக்கவில்லை. "அப்பா, நீங்க முன்னால போங்க," என்றான்.

கிழவர் இருமிக்கொண்டே முன்னால் போனார். பின்னால் சீட்டைக் கலைக்கிற சத்தம் கேட்டது. வீட்டுக்கு இன்னும் மேடு பாக்கி இருந்தது.