கறித்தேங்காய்க் கும்பம்

எங்கள் நாவற்குடாவின் குறுகிய ஒழுங்கையில் அந்தக் காலத்தில் வேலிகள் தாமாகவே எரிந்தன. பெரியவர்கள் அப்படித்தான் சொன்னார்கள், எட்டு வயதில் நானும் நம்பினேன். கட்சியைக் குறை பேசியவர்களின் வேலியாகப் பார்த்து நெருப்பு எப்படித் தெரிந்தெடுக்கிறது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

கடைசியாக எரிந்தது ஒழுங்கை முகப்பில் இருந்த தபால்காரரின் வேலி. அவரும் ஆசிரியரான என் அப்பாவும் கூட்டாளிகள். கட்சி சொன்னதென்று மறியலில் குந்தி, ஒன்றாக அடிவாங்கி, ஒன்றாகத் தலையில் தையல் போட்டுக்கொண்டவர்கள். எந்த அரசாங்கத்தை எதிர்த்து அந்த அடியை வாங்கினார்களோ, அதே அரசாங்கத்தோடு கட்சி போய் ஒட்டிக்கொண்டது. எம்.பி. ஊர்வலம் வருகிறார் என்றதும், தங்கள் வாசலில் வரவேற்புக் கும்பம் வைப்பதில்லை என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். தபால்காரர் அதை வாசிகசாலையிலும் சொல்லிவைத்தார். இரண்டாம் நாள் வேலி எரிந்தது.

கும்பம் வைத்த வாசலில்தான் ஊர்வலம் நிற்கும். வைக்காத வாசலை ஊரே பார்க்கும்.

ஊர்வலத்தன்று காலை கட்சி இளந்தாரிகள் மூன்று பேர் வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள்.

"மாஸ்டர், நாலு மணிக்கு எம்.பி. வாறார். உங்கட வாசலிலயும் கும்பம் இருக்குந்தானே?"

போகும்போது ஒருவன் எங்கள் கிடுகுவேலியின் ஓலையைத் தட்டிப் பார்த்து, "நல்லாக் காஞ்சிருக்கு" என்றான்.

"இஞ்ச பாருங்க, ஒரு குடத்தத் தூக்கி வெச்சா என்ன குறைஞ்சு போகும்? புள்ளைகளோட இருக்கிறம்" என்றார் அம்மா.

"வெச்சா நாளைக்குத் தபால்காரனுக்கு என்னெண்டு முகம் காட்டுற?"

அப்பா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அம்மா அடுப்படியில் அழுதார்.

மேளச் சத்தம் கேட்டது. ஒருவருக்கும் சொல்லாமல் பித்தளைக் குடத்தில் கிணற்றுத் தண்ணீர் அள்ளி, மாவிலை செருகி, வாசலுக்குத் தூக்கிப் போனேன். கும்பத்துக்குக் குடுமித் தேங்காய் வேண்டும். அகப்பட்டதோ கறிக்கென்று குடுமி பிய்த்து வைத்த தேங்காய். அதையே வைத்தேன். கும்பம் மொட்டைத்தலையோடு நின்றது. கையெடுத்துக் கும்பிட்டேன், சாமியையல்ல, வேலியை.

ஜீப் எங்கள் வாசலில் நின்றது.

"மாஸ்டர் எங்க?" என்று கேட்டபடி எம்.பி. இறங்கினார்.

அப்பா கதவைத் திறந்து வந்தார். கும்பத்தைப் பார்த்தார். பிறகு நனைந்திருந்த என் சட்டையைப் பார்த்தார். எம்.பி. தன் மாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டு, "எங்கட பழைய தொண்டர்" என்று கட்டிப்பிடித்தார். சனம் கைதட்டியது. அப்பா மெல்லக் கைகூப்பினார். முகப்பில், கருகிய வேலிக்குப் பின்னால், தபால்காரர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாரும் போனபின் அப்பா என்னருகே குந்தினார்.

"பயந்திட்டியா, புள்ள?"

"ஓம்."

"எனக்கும் பயந்தான்" என்றார். தேங்காயை எடுத்துப்போய் அம்மாவிடம் கறிக்குக் கொடுத்தார்.

எங்கள் வேலி எரியவில்லை. காப்பாற்றியவள் நான்தான் என்று நெடுநாள் பெருமைப்பட்டேன். அதன்பின் அப்பா பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்கை முகப்பால் போனதேயில்லை. என்னைப் பின்னால் இருத்தி, வாவிக்கரை மணலில் சைக்கிளை உருட்டிக்கொண்டு சுற்றிப் போனார். நேர்வழி இருக்க ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன்.

"வாவிக் காத்து நல்லம், புள்ள" என்றார்.

நானும் வாயைத் திறந்து அந்தக் காற்றைக் குடித்துக்கொண்டு போனேன்.