கடைசியாக இடித்த அடுப்பு

படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, சோறு கிடைத்த ஊரில் தங்கிக்கொண்டிருந்தேன். பாம்பனில் ஒரு கொத்தனாருக்குக் கையாளாக இருந்தபோது, தோணிக்காரர் ஒருவரின் வீட்டுச் சமையலறையைப் புதுப்பிக்கப் போனோம். தோணிக்காரர் கொழும்புக்குச் சரக்கேற்றிப் போய் இரண்டு மழைக்காலம் கடந்திருந்தது. தோணியும் வரவில்லை, தகவலும் வரவில்லை. வீட்டில் அவர் மனைவி மட்டும் இருந்தார்.

வேலையை எதில் தொடங்குவது என்பதில்தான் பேச்சு முட்டியது.

"மொதல்ல அடுப்ப இடிச்சிருவோம், லாத்தா. பெறகு கூரை, செவுரு, கடைசில தரை" என்றார் கொத்தனார், அந்த அம்மாவிடம்.

"அடுப்பு கடைசியா இருக்கட்டும். அவுக போன அன்னைக்கு மூட்டுன தீ. அணைய விடல."

"அதச் சுத்தித் தரை போட்டா ஒட்டுத் தெரியுமே. அவுக வந்து என்னையில்ல ஏசுவாக?"

"வந்து ஏசட்டும் கொத்தனாரே. வந்து ஏசட்டுமே."

கொத்தனார் ஏணியை எடுத்துக் கூரையில் சாத்தினார். ஓலையைப் பிரித்து ஓடு மேய்ந்தோம். சுவர் பூசினோம். பழைய அடுப்பை விட்டுவிட்டுச் சுண்ணாம்புத் தரை போட்டோம். மறு மூலையில் புது அடுப்பு எழும்பியது. அதுவரை அந்த அம்மா எங்கள் தூசிக்கும் காற்றுக்கும் நடுவே கங்கின்மேல் சாம்பலை மூடி மூடிக் காத்தார்.

ஒரு முற்பகலில் ஓட்டுச்சில்லில் கங்கை அள்ளிப் புது அடுப்புக்கு மாற்றினார். தீ பிடித்துக்கொண்டது. நான் பழைய அடுப்பை இடித்தேன். மண்கட்டிகள் கையைச் சுட்டன. அடியில் இருந்த மணலோ ஈரமாக, சில்லென்று இருந்தது. தோண்டத் தோண்ட, அலையோரத்தில் பதிந்த காலடி நிரம்புவதுபோல் நீர் ஊறி வந்தது.

கொத்தனார் விரலை நனைத்து நாக்கில் வைத்தார். "ஏலே, உப்புக் கரிக்குது."

அந்த வீட்டுக் கிணற்றில் நல்ல தண்ணீர். கடலும் வீட்டை ஒட்டி இல்லை.

பின்னால் நின்ற அம்மா குனிந்து, அந்த நீரை இரு கையாலும் அள்ளினார். முகர்ந்து பார்த்தார். நேரே போய்ப் புது அடுப்பில் ஊற்றினார். தீ சீறி அடங்கியது. முக்காட்டை இழுத்துவிட்டு, சாவுச் செய்தி கேட்டால் முஸ்லிம்கள் சொல்வதைச் சொன்னார்: "இன்னாலில்லாஹி."

பிறகு எங்களைப் பார்த்து, "ஒட்டுத் தெரியாமப் போட்டுருங்க" என்றார்.

மறுநாள் குழியை மூடப் போனோம். மணல் பொடியாகக் காய்ந்திருந்தது. கை வைத்தேன், சூடு. கொத்தனாரும் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். ஒட்டுத் தெரியாமலிருக்க, போட்டிருந்த தரை முழுவதையும் கொத்தியெடுத்து, முதலிலிருந்து ஒரே தரையாகப் போட்டோம்.