எட்டுப் பேருக்கு வாங்கிய கார்

குடும்பத்துக்குக் கார் பார்த்துவர அப்பாவை அனுப்பியதுதான் பெரியப்பா தம் வாழ்நாளில் செய்த ஒரே தவறு என்று பெரியம்மா கொஞ்ச காலம் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு மழைக்காலத்தில் அப்படிச் சொல்வதை நிறுத்திவிட்டாள். நிறுத்தியது ஏன் என்று அன்று எனக்குத் தெரியாது. ஒன்பது வயதில் எனக்குத் தெரியாதவை நிறையவே இருந்தன. தெரிந்ததாக நினைத்துக்கொண்டவை அதைவிட அதிகம்.

அப்போது நாங்கள் ரங்கூன் பபேடானில், மூன்றாவது மாடியில் குடியிருந்தோம். ரங்கூனின் பழைய மாடி வீடுகளில் அறைகள் இராது. தெருப் பக்கம் ஒரு பால்கனி, பின்பக்கம் அடுப்படி, இரண்டுக்கும் நடுவே ரயில் பெட்டி போல நீண்டு கிடக்கும் ஒரே கூடம். அதில் பெரியப்பா, பெரியம்மா, அவர்களுடைய மூன்று பிள்ளைகள், அப்பா, அம்மா, நான் என்று எட்டுப் பேர். இரவானால் கூடத்தின் நடுவில் ஒரு திரை விழும். ஆண்கள் எல்லாரும் பால்கனிப் பக்கம் காற்றாட வரிசையாகப் படுப்பார்கள். பெண்கள் நாங்கள் அடுப்படிப் பக்கம். என் இடம் அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் நடுவில். திரைக்கு அந்தப் பக்கமிருந்து வரும் குறட்டைகளில் எது யாருடையது என்று படுத்தபடியே சொல்லிவிடுவேன். ஒளிவு மறைவு இல்லாத குடும்பம் என்று தெருவில் எங்களுக்குப் பெயர். ஒளிய இடம் இருந்தால்தானே ஒளிப்பதற்கு.

கீழே எங்களுக்கு ஒரு பெயிண்ட் கடை இருந்தது. கல்லாவில் பெரியப்பா, டின்களுக்கு நடுவில் அப்பா. கோயில், கல்யாணம், கருமாதி என்று எங்கே போனாலும் எட்டுப் பேரும் இரண்டு டாக்சி பிடிக்க வேண்டியிருக்கிறதே என்று பெரியப்பாவுக்குக் குறை. கடைப் பணத்தில் ஒரு பழைய வேன் வாங்குவது என்று முடிவாகி, வண்டிகளைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தவர் என்பதால் அப்பா அனுப்பப்பட்டார். அப்பா பல ஞாயிற்றுக்கிழமைகள் அலைந்தார். கடைசியில் அவர் கொண்டுவந்து நிறுத்தியது, லண்டன்காரர்கள் கையாலேயே செய்த பந்தயக் கார் ஒன்று. அதில் இரண்டே இரண்டு பேர் உட்காரலாம்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்த கதைதான். கரும்பச்சை நிறம். தரையோடு தரையாகப் பதுங்கிய உடம்பு. உடம்பில் பாதிக்கும் மேல் மூக்கு. அந்த மூக்கைக் குறுக்கே ஒரு தோல் வார் போட்டுக் கட்டியிருந்தது. மேலே துணிக் கூரை. உள்ளே எலும்புக்கூடு முழுக்க மரம். தகடு ஒவ்வொன்றையும் ஆட்கள் கையால் தட்டி வளைத்தார்களாம், ஒன்றைப் போல் இன்னொன்று இராதாம் என்று அப்பா தெருவில் நின்று விளக்கிக்கொண்டிருந்தார். பால்கனியில் வரிசையாக நின்ற நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம்.

“நாங்க பின்னாடி ஸ்டெப்னி மேல உக்காந்து வரவா சித்தப்பா?” என்று பெரிய அண்ணன் மேலிருந்து கேட்டான்.

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அந்தக் காரை வாங்கியபோது அப்பாவுடன் நானும் போயிருந்தேன். விற்றவர் ஓய்வுபெற்ற பர்மிய டாக்டர். அப்பா அவரை ‘சயா’ என்று மரியாதையாகக் கூப்பிட்டார். அந்த வருடங்களில் அரசாங்கம் ஒரு திட்டம் கொண்டுவந்திருந்தது. பழைய காரை ஒப்படைத்தால், வெளிநாட்டிலிருந்து புதிது ஒன்றை இறக்க அனுமதிச் சீட்டு தருவார்கள். ஒப்படைத்த கார் நசுங்கி இரும்பாகிவிடும். அந்தச் சீட்டுக்காகவே சயா வீட்டு வாசலுக்குத் தரகர்கள் வந்து போய்க்கொண்டிருந்தார்களாம். அவர் யாருக்கும் கொடுக்கவில்லை. நசுக்கக் கொடுக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுப்பவருக்குத்தான் கார் என்று உட்கார்ந்திருந்தார். அவரும் அவர் மனைவியும் போய்வந்த வண்டி அது. மனைவி இறந்துவிட்டார்.

அப்பா வாக்குக் கொடுத்தார். சயா அதோடு விடவில்லை.

“உன் பக்கத்து சீட்டில் யார் உட்காரப் போகிறார்கள்?” என்று பர்மியத்தில் கேட்டார்.

நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அப்பா தலையைக் குனிந்துகொண்டு, “என் சம்சாரத்தோடு கொஞ்சம் பேச வேண்டும், சயா” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவோடு பேசுவதற்குக் கார் எதற்கு? தினமும் ஒரே வீட்டில்தானே இருக்கிறார்கள்? விலையைக் குறைக்க அப்பா ஏதோ கயிறு திரிக்கிறார் என்று நினைத்தேன். சயா சிரிக்கவில்லை. உள்ளே போய், ஓரம் நைந்த ஒரு சின்ன மெத்தையை எடுத்துவந்து இடதுபக்க சீட்டில் வைத்தார். “இது இல்லாவிட்டால் அவளுக்கு இடுப்பு வலிக்கும்” என்றார். அதன் பிறகு விலையைப் பற்றி அங்கே அதிகம் பேச்சில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது இந்தக் கதையை எல்லாருக்கும் நடித்தே காட்டினேன். அண்ணன்கள் புரையேறச் சிரித்தார்கள். கோபமாயிருந்த பெரியப்பாவுக்கே உதடு துடித்தது. அம்மா மட்டும் ரசம் எடுத்துவருகிறேன் என்று அடுப்படிக்குப் போனாள். ரசம் எங்கள் நடுவிலேயே இருந்தது.

பபேடான் தெருவில் சைக்கிள் நிறுத்தவே சண்டை. அதனால் காரை நகரத்தின் ஓரத்தில், இன்சீனில் அம்மாவின் தம்பி வீட்டில் விட்டார்கள். மாமாவுக்கு ரயில்வே பட்டறையில் தச்சு வேலை. அவருடைய குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. ஞாயிறு மத்தியானம் கடை சாத்தியதும் அப்பாவும் அம்மாவும் சுற்று ரயில் பிடித்து இன்சீன் போவார்கள். காரை எடுத்து ஒரு சுற்றுச் சுற்றுவார்கள். கொட்டகையில் விட்டுவிட்டு மறுபடி ரயிலில் வருவார்கள். காரில் ஏறுவதற்காக ரயிலில் போன குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும். போகும்போது அம்மா கன்னத்தில் புதிதாகத் தனாக்கா மரப்பட்டை அரைத்துப் பூசிக்கொள்வாள். எங்கே போனீர்கள் என்று கேட்டால், “எங்கயும் போகல” என்பாள்.

ஒரே ஒருமுறை நான் அடம்பிடித்து அம்மா மடியில் உட்கார்ந்து போனேன். ரங்கூனில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும். ஆனால் அந்தக் காலத்துக் கார்களில் ஸ்டியரிங்கும் வலப்பக்கம்தான். முன்னால் ஒரு பஸ் போனால் அதைத் தாண்டி எதிரே என்ன வருகிறது என்று ஓட்டுகிறவருக்குத் தெரியாது. இடதுபக்கம் உட்கார்ந்தவர் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

“வருதா?” என்பார் அப்பா.

அம்மா தலையை நீட்டிப் பார்த்து, “லாரி வருது, இருங்க” என்பாள். பிறகு, “இப்ப போங்க.”

அம்மா போங்க என்றால் அப்பா போவார். மறுகேள்வி கிடையாது. வீட்டில் குழம்புக்கு என்ன காய் என்பதைக்கூட அம்மாவிடம் யாரும் கேட்டதில்லை. அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த விதம் எனக்குப் புதிதாக இருந்தது.

மழை தொடங்கியதும் கார் நின்றுபோனது. என்ஜினுக்குள் ஈரம் இறங்கிவிட்டது, உதிரிச் சாமானுக்கு எங்கே போவது என்று அப்பா கையைப் பிசைந்தார். அது போதாதென்று கொட்டகைத் தூணில் கரையான் ஏறியது. மர எலும்பாயிற்றே, மாமா பதறிப்போனார். எறும்பு ஏறாமலிருக்கச் சோற்று அலமாரியின் கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைப்போம் அல்லவா? மாமா அதே யோசனையில் ஜாக்கி போட்டுத் தூக்கி, நாலு சக்கரத்தையும் நாலு பேசினுக்குள் இறக்கி, தண்ணீரும் மண்ணெண்ணெயும் ஊற்றிவிட்டார். லண்டன் கார் கால் நனைத்துக்கொண்டு நின்றது. கரையான் வரவில்லை. டயர்தான் ஊறிப்போனது.

கார் ஓடாவிட்டாலும் அவர்கள் போவது நிற்கவில்லை. கொட்டுகிற மழையில் குடை பிடித்துக்கொண்டு ரயிலுக்குப் போனார்கள். அனுமதிச் சீட்டுக்குக் கொடுத்துத் தொலைத்தால் வேனாவது வருமே என்று பெரியப்பா தினமும் புலம்ப ஆரம்பித்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா என்னைக் கூப்பிட்டு, “நீயும் கூடப் போ. அங்க என்னதான் பண்றாங்கன்னு பாத்துட்டு வந்து சொல்லு” என்றாள்.

இன்சீனில் மாமாவின் மனைவி எனக்கு மீன் குழம்பு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸ் ஒரு கிண்ணம் கொடுத்து ஜன்னலோரம் உட்கார வைத்தாள். “மழையில நனையாத. இங்கயே இருந்து சாப்பிடு” என்று சொல்லிக் கதவையும் ஒருக்களித்துவிட்டாள். ஜன்னல் வழியே கொட்டகை தெரிந்தது. கார் அதன் நாலு பேசின்களில் நின்றது. அப்பா இரண்டு கையையும் ஸ்டியரிங்மேல் வைத்திருந்தார். அம்மா பேசிக்கொண்டிருந்தாள். வீட்டில் “சோறு போடவா”, “துணி காஞ்சிருச்சு” என்பதற்கு மேல் வாய் திறக்காத அம்மா, கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுபடியும் சிரித்தாள்.

டீக்குக் கூப்பிட்டு வா என்று என்னை அனுப்பியபோது நான் கொட்டகைக்கு ஓடினேன். அப்பா, “பஸ் வருதா பாரு” என்றார். அம்மா தலையை வெளியே நீட்டி, எதிரே இருந்த தகரச் சுவரைக் கவனமாகப் பார்த்தாள்.

“வரல. போங்க.”

அப்பா ஸ்டியரிங்கை மெதுவாக ஒடித்தார். கார் ஒரு இம்மிகூட நகரவில்லை. இருவருக்கும் ஏதோ ஆகிவிட்டது என்று எனக்குப் பயமாகிவிட்டது.

இப்போது எனக்குக் கதவு வைத்த படுக்கையறை இருக்கிறது. அந்தக் கதவைச் சாத்திக்கொண்டு நானும் என் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். சில நாள் அந்தத் தகரக் கொட்டகை நினைவுக்கு வந்து, போனைக் கீழே வைத்துவிடுவேன்.

வீட்டுக்கு வந்ததும் பெரியம்மா பூண்டு உரித்துக்கொண்டே விசாரித்தாள்.

“வண்டி ஓடுதா?”

“ஓடல பெரியம்மா. தண்ணியில நிக்குது.”

“அப்ப ரெண்டு பேரும் என்ன பண்ணாங்க?”

“சும்மா உள்ள உக்காந்து பேசிட்டு இருந்தாங்க.”

“என்ன பேசுனாங்க?”

“கேக்கல. அம்மா சிரிச்சாங்க. அழுதாங்க. அப்புறம் மறுபடி சிரிச்சாங்க.”

பெரியம்மா “ம்” என்றாள். அதற்கப்புறம் அவள் உரித்த பூண்டெல்லாம் தோல் இருந்த தட்டில் விழுந்துகொண்டிருந்தது. நான் சொன்ன பிறகுதான் கவனித்தாள்.

சில நாளில் பெரியப்பா தரகரிடம் பேசி முடித்துவிட்டார். சாப்பாடு ஆனதும் அப்பாவை எதிரே உட்காரவைத்தார்.

“யானையக் கட்டித் தீனி போட நாம என்ன ராஜாவா தம்பி? நாளைக்குச் சாயங்காலம் ஆள் வர்றான். கையெழுத்துப் போட்டுக் குடுத்துரு. சீட்டு கைக்கு வந்தா எட்டுப் பேரும் போறமாதிரி வண்டி எடுத்துரலாம்.”

“சயாகிட்ட வாக்குக் குடுத்திருக்கேன் அண்ணே.”

“சயா என்ன வந்து பாக்கப் போறாரா?”

அப்பா அண்ணனை எதிர்த்துப் பேசியதே இல்லை. தலையைக் குனிந்துகொண்டார். “சரிண்ணே” என்பது அவர் தொண்டைவரை வந்துவிட்டது எனக்கே தெரிந்தது. அடுப்படி வாசலில் அம்மா ஈரக்கையோடு நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு ஓடாத காருக்கு யாராவது இப்படி முகம் வாடுவார்களா?

“வண்டி இருக்கட்டும்” என்றாள் பெரியம்மா.

எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். கடை விஷயம், பண விஷயம் எதிலும் அவள் பெரியப்பா எதிரில் வாய் திறந்தது கிடையாது.

“கார் விசயம் உனக்கென்ன தெரியும்?” என்றார் பெரியப்பா.

“கார் விசயம் தெரியாது. வேன அடுத்த வருசம் வாங்கிக்கலாம். இப்ப என்ன, எட்டுப் பேரும் எங்க போகக் காத்துட்டு இருக்கோம்?” அவள் தட்டுகளை அடுக்கிக்கொண்டே பேசினாள். “கல்யாணம் கட்டி வந்ததுலேருந்து உங்ககிட்ட ஒண்ணும் கேட்டதில்ல. இந்த வீட்டுல கேக்கத்தான் எங்க இடம்? இது ஒண்ணு கேக்கறேன்.”

பெரியப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பால்கனிக்குப் போனார். மறுநாள் சாயங்காலம் தரகர் வந்தபோது, வண்டியில் கரையான் பிடித்துவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, பெரியம்மா கோயில் திருவிழாவுக்கு மட்டும் கட்டுகிற அரக்குச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து அப்பாவின் எதிரே நின்றாள்.

“தம்பி, அந்தச் சாவியக் கொஞ்சம் குடுங்க. நாங்க போயி வண்டியப் பாத்துட்டு வர்றோம்.”

பெரியப்பா தமக்கும் இதற்கும் சம்பந்தமில்லாததுபோல மாடிப்படியில் குடையோடு நின்றுகொண்டிருந்தார். பெரியம்மாவுக்கு முழங்கால் வலி. மூன்று மாடியும் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். பால்கனியிலிருந்து நான் பார்த்தேன். பெரியப்பா வழக்கம்போல நாலடி முன்னால் நடந்தார். தெருமுனை வந்ததும் நின்று, அவள் வந்து சேரும்வரை குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

“பெரியப்பாவுக்கு ஓட்டவே தெரியாதே” என்றேன்.

அம்மா என் தலையை வாரிக்கொண்டிருந்தாள். வாரி முடித்துச் சடை பின்ன ஆரம்பித்தாள்.

சாயங்காலம் இருவரும் திரும்பி வந்தார்கள். கார் எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. பெரியம்மா சேலையைக்கூட மாற்றாமல் தகரப் பெட்டியைத் திறந்து பழைய துணிகளைக் கிளறினாள். பூப்போட்ட ஒரு துண்டை எடுத்து அம்மாவிடம் நீட்டினாள்.

“அந்தக் கார் சீட் மெத்தைக்கு இதுல ஒரு உறை தைக்கலாமா?”

ஓடாத காருக்கு உறை எதற்கு என்று கேட்டேன். அம்மாவும் பெரியம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா ஊசியை என் கையில் கொடுத்து, “உனக்குத்தான் நல்லாக் கண்ணு தெரியுமே, கோத்துக் குடு” என்றாள். நான் பெருமையாகக் கோத்துக் கொடுத்தேன்.